சில்வர் பில்லிங்கை மாற்றிய பிறகு பல் கூசுகிறது: ஒரு ஆசிரியையின் கேள்விக்குப் பதில்

கேள்வி: டொக்டர், நான் உப்புவெளியில் இருக்கிறேன். ஆசிரியை, வயது 38. வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டில் பள்ளிக்கூடக் காலத்தில் போட்ட சில்வர் பில்லிங் இருந்தது. ஒன்றின் ஓரம் உடைந்து சாப்பாடு சிக்கத் தொடங்கியதால் டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். இரண்டையும் எடுத்துவிட்டு வெள்ளை பில்லிங் போட்டார்கள். மூன்று கிழமை ஆகிறது. ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர் என்று கூசுகிறது, பிறகு அடங்கிவிடும். கச்சான், முறுக்கு என்று எதைக் கடித்தாலும் அந்தப் பக்கம் ஒரு குத்து. இதற்கு முதல் அந்தப் பற்களில் ஒரு வலியும் இருந்ததில்லை. போனில் கேட்டதற்கு "போகப் போகச் சரியாகும்" என்றார்கள். திரும்பப் போனால் குறை சொல்ல வந்ததாக டொக்டர் நினைப்பாரோ என்று பேசாமல் இருக்கிறேன். அம்மா பல்லைப் பிடுங்கிவிடு என்கிறா. கனடாவில் இருக்கும் அக்கா, இடது பக்கம் மிச்சம் இருக்கும் சில்வர் பில்லிங்குகளில் பாதரசம் இருக்கிறது, அதையும் எடுத்துவிடு என்கிறா. நான் என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

முதலில் நேரே பதில். பல்லைப் பிடுங்க வேண்டாம். இடது பக்கத்து சில்வர் பில்லிங்குகளில் இப்போது கை வைக்க வேண்டாம். பில்லிங் போட்ட டொக்டரிடம் இந்தக் கிழமையே திரும்பப் போங்கள், போய் "கடிக்கும்போது குத்துகிறது, கடி உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள்" என்று சொல்லுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய விஷயம், அதுவும் சில வேளை பத்து நிமிட வேலையோடு.

உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு வலிகள் இருக்கின்றன. குளிருக்குக் கூசுவது ஒன்று, கடித்தால் குத்துவது இன்னொன்று. வீட்டில் எல்லோரும் இரண்டையும் சேர்த்துப் "பல்லு வலி" என்றுதான் சொல்வோம், போனிலும் நீங்கள் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள், அதனால்தான் "சரியாகும்" என்ற பதில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். குளிருக்குக் கூசி உடனே அடங்குகிறது என்று மட்டும் சொன்னால் நானும் கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் கடிக்கும்போது குத்துவது மூன்று கிழமையாகியும் குறையவில்லை என்றால் அது பொறுத்திருக்க வேண்டிய வலி இல்லை, யாராவது வாயைத் திறந்து பார்க்க வேண்டிய வலி.

கடி உயரம் என்றால் என்ன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புது பில்லிங்குக்குப் பிறகு வரும் கடி வலியில் நான் முதலில் தேடுவது இதைத்தான். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு விறைப்பூசி போட்டால் உதடும் நாக்கும் கன்னமும் இரண்டு மூன்று மணித்தியாலம், சிலருக்கு அதற்கும் மேலே, விறைத்தபடியே இருக்கும். பில்லிங் முடிந்ததும் டொக்டர் ஒரு மெல்லிய நீலத் தாளைப் பற்களுக்கு இடையில் வைத்து "கடியுங்கோ, இப்ப அரையுங்கோ" என்பார். நீங்கள் கதிரையில் சாய்ந்து படுத்திருக்கிறீர்கள், வாய் ஒரு மணித்தியாலமாகத் திறந்தே இருந்ததால் தாடை களைத்திருக்கிறது, பாதி வாய் விறைத்துப் போயிருக்கிறது. அந்த நிலையில் கடிப்பதும், வீட்டுக்கு வந்து நிமிர்ந்து உட்கார்ந்து சோறு சாப்பிடும்போது கடிப்பதும் ஒன்றல்ல. அப்போது "சரியா இருக்கு டொக்டர்" என்று சொன்னவர்கள் இரவு சாப்பாட்டின்போதுதான் அந்தப் பல் மற்றப் பற்களுக்கு முதல் முட்டுவதை உணர்கிறார்கள். இதில் யாருடைய கவனக் குறைவும் இருக்க வேண்டியதில்லை.

எவ்வளவு உயரம் என்றால், தலைமுடியின் தடிப்பை விடக் குறைவாக இருந்தாலும் போதும். பல்லின் வேரைச் சுற்றித் தாடை எலும்போடு பிணைக்கும் மெல்லிய நார்ப் படலம் ஒன்று இருக்கிறது, அதில் உணர்வு நரம்புகள் நிறைய. ஒரு நாளில் எத்தனை தடவை பல்லும் பல்லும் முட்டுகின்றன என்று யோசித்துப் பாருங்கள், விழுங்கும்போதெல்லாம் முட்டுகின்றன, நித்திரையில் பல் நெறுமுபவர்களுக்கு இரவு முழுக்க. ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு பல் மட்டும் பாரத்தை வாங்கினால் அந்தப் படலம் அழற்சி பட்டு நொந்துபோகும், பிறகு முறுக்கு என்ன, சோற்றில் ஒரு கல் தட்டுப்பட்டாலும் குத்தும். இன்னொன்றும் நடக்கும்: இப்படி அடிபட்டுக்கொண்டே இருக்கும் பல்லின் நரம்பும் எரிச்சல் அடைந்து குளிருக்கும் கூடுதலாகக் கூசத் தொடங்கும். ஆகவே உங்கள் இரண்டு வலிக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கவும் இடமுண்டு.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். நிமிர்ந்து உட்காருங்கள், உதட்டைத் தளர விடுங்கள், எச்சிலை விழுங்கிவிட்டு மெதுவாக, மிக மெதுவாகப் பற்களைச் சேருங்கள். முதலில் எது தொடுகிறது? இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சேர்கிறதா, அல்லது வலது பக்கத்தில் அந்தப் புதுப் பல் முந்துகிறதா? பிறகு லேசாகத் தொட்டபடி தாடையை இடமும் வலமும் நகர்த்துங்கள், எங்காவது தட்டி நிற்கிறதா? முந்துகிறது, தட்டுகிறது என்றால் அதை அப்படியே டொக்டரிடம் சொல்லுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் போங்கள், உங்களுக்குத் தெரியாதது தாளில் தெரியும். அவர் இந்த முறை விறைப்பூசி இல்லாமல், உங்களை நிமிர்த்தி உட்காரவைத்துத் தாளை வைப்பார். பில்லிங்கில் நீலப் புள்ளிகள் விழும். பாரம் அதிகமாக விழும் இடத்தில் நடுவில் வெளிறி, சுற்றிவர நீல வளையமாக ஒரு அடையாளம் தெரியும், அந்த இடத்தைச் சின்னக் கல்லால் தேய்த்து மினுக்கிவிடுவார். வலிக்காது. பில்லிங் மட்டும்தான் தேயும். பெரும்பாலானவர்களுக்கு அன்றைக்கே ஒரு இலேசு தெரியும், படலத்தின் நோவு முழுதாக ஆற இன்னும் சில நாள் எடுக்கும். தயவுசெய்து நீங்களே நகம் ராவும் அரத்தை எடுக்காதீர்கள், பல்லைக் கடித்துக் கடித்துத் தேய்ந்துபோகட்டும் என்றும் விடாதீர்கள், இரண்டையும் செய்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, "இருபது வருஷத்துக்கும் மேல் சத்தமில்லாமல் இருந்த பல் ஏன் இப்போது கூசுகிறது, டொக்டர் கெடுத்துவிட்டாரா" என்ற சந்தேகம் உங்கள் வரிகளுக்குள் இருக்கிறது. நீங்கள் நேரே கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

பல்லின் வெளி ஓடான எனாமலுக்குக் கீழே இருக்கும் டென்டின் என்ற அடுக்கு பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் உண்மையில் அது முழுக்க நுண்ணிய குழாய்கள். ஒரு சதுர மில்லிமீற்றரில் ஆயிரக்கணக்கில் இருக்கும், நரம்பை நெருங்க நெருங்க எண்ணிக்கையும் அகலமும் கூடும். அவற்றுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. குளிர் பட்டால், காற்று பட்டால், இனிப்பு பட்டால் அந்தத் திரவம் அசைகிறது, அசைவை உள்ளே இருக்கும் நரம்பு வலியாக எடுத்துக்கொள்கிறது. பழைய பில்லிங்கின் கீழே இத்தனை வருஷத்தில் பல் தன்னைத்தானே காத்துக்கொண்டது: பல குழாய்களை உள்ளிருந்தே அடைத்துவிட்டது, நரம்பின் பக்கம் புதிதாகக் கொஞ்சம் டென்டினையும் கட்டிக்கொண்டது. சில்வரும் தன் ஓரங்களில் மெதுவாகத் துருவேறி அந்த இடுக்குகளைத் தானே மூடிக்கொள்ளும், அது அந்தப் பொருளின் ஒரு நல்ல குணம். இப்போது அதைத் துரந்து எடுத்து, கீழே இருந்த சூத்தையையும் துப்புரவாக்கியபோது புது டென்டின் திறந்துபோயிற்று. துரக்கும் சூடும் அதிர்வும் நரம்புக்குப் பிடிக்காத விஷயங்கள்தான். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒவ்வொரு தடவை பில்லிங் மாற்றும்போதும் குழி கொஞ்சம் பெரிதாகும், நரம்புக்குக் கொஞ்சம் கிட்டப் போகும். அதனால் முதல் சில நாள், சிலருக்கு இரண்டு முதல் நான்கு கிழமை வரை, கூச்சம் இருப்பது நரம்பு ஆறுவதற்கு எடுக்கும் நேரம். முக்கியம் என்னவென்றால் அது நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வர வேண்டும்.

வெள்ளை பில்லிங்குக்கே உரிய ஒரு காரணமும் இருக்கிறது. சில்வரைக் குழிக்குள் அமுக்கி நிரப்பினால் அது குழியின் வடிவத்தில் சிக்கி நின்றுவிடும், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பெரிதாகக் கோவிக்காது. வெள்ளை அப்படி இல்லை. முதலில் பல்லில் ஒரு அமில ஜெல் பூசி, கழுவி, அளவாகக் காயவைத்து, ஒட்டும் திரவம் பூசி, பிறகு பசையை இரண்டு மில்லிமீற்றர் அளவான அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றையும் நீல வெளிச்சத்தால் இறுக்க வேண்டும். இறுகும்போது அது தன் கன அளவில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். கீழ்க் கடைவாய்ப் பல் என்பது நாக்கும் எச்சிலும் ஓயாமல் வந்துபோகும் இடம். அங்கே எச்சில் பட்டாலோ, டென்டின் அளவுக்கு மீறிக் காய்ந்துபோனாலோ, சுருங்கும்போது ஒட்டு விட்டுப்போனாலோ, பில்லிங்கின் அடியில் ஒரு நுண்ணிய இடைவெளி உண்டாகிவிடும். அதில் திரவம் நிற்கும். கடித்தால் பில்லிங் மயிரிழை அளவு அசைந்து அந்தத் திரவத்தைக் குழாய்களுக்குள் தள்ளும், உடனே குத்தும். கடியைச் சரிசெய்த பிறகும், இன்னும் சில கிழமை பார்த்த பிறகும் கடிவலி போகாமல் இருந்தால் டொக்டர் அந்த பில்லிங்கை எடுத்துவிட்டுத் தற்காலிக மருந்து அடைப்பு வைத்து நரம்பை ஆறவிடுவார், அல்லது அடியில் கிளாஸ் அயனோமர் என்ற அடுக்கை வைத்துத் திரும்பப் போடுவார். "திரும்பவும் துரக்கவா" என்று பயப்பட வேண்டாம், பிழையாக ஒட்டியதை அப்படியே விடுவதை விட அது நல்லது.

இன்னொரு காரணத்தையும் நான் மனதில் வைத்துக்கொள்வேன், கடியும் சரி, பில்லிங்கும் சரி, ஆனால் குத்து மட்டும் நிற்கவில்லை என்றால். பெரிய சில்வர் பில்லிங்கை நெடுங்காலம் தாங்கிய பற்களில் மயிர் வெடிப்புகள் இருப்பது சாதாரணம். வெடிப்புள்ள பல்லின் வலிக்கு ஒரு குணம் உண்டு, கடிக்கும்போது மட்டுமல்ல, கடித்துவிட்டு வாயைத் திறக்கும் அந்தக் கணத்தில் சுரீர் என்று வரும். எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது. டொக்டர் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கட்டையைப் பல்லின் ஒவ்வொரு முனையிலும் தனித்தனியாக வைத்துக் கடிக்கச் சொல்லிக் கண்டுபிடிப்பார். அப்படி ஒன்று இருந்தால் பல்லின் மேல் கிரவுன் போட்டு மூட வேண்டி வரலாம். உங்களுக்குக் குத்து எப்போது வருகிறது, கடிக்கும்போதா, விடும்போதா? இதைக் கவனித்து வையுங்கள். ஆனால் கவனிப்பதற்காகக் கச்சான் கடித்துப் பார்க்க வேண்டாம், சாப்பிடும்போது தானாக வருவதைப் பார்த்தால் போதும்.

நரம்பின் நிலைமையைக் கண்டுபிடிக்க எனக்கு உதவுவது வலியின் கூர்மை அல்ல, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான். ஒரு காது துடைக்கும் பஞ்சுக் குச்சியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து முதலில் இடது பக்கத்தில் ஒரு நல்ல பல்லைத் தொடுங்கள், அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள. பிறகு வலது பக்கத்து இரண்டையும் ஒவ்வொன்றாக, இடையில் ஒரு நிமிடம் விட்டு. குச்சியை எடுத்தவுடன் மனதுக்குள் எண்ணுங்கள். ஐந்து, பத்து எண்ணுவதற்குள் அடங்கிவிட்டால் நரம்பு எரிச்சலில்தான் இருக்கிறது, ஆறிவிடும். குச்சியை எடுத்த பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் உளைந்துகொண்டே இருந்தால் அது வேறு கதை. நீங்கள் "அடங்கிவிடும்" என்று எழுதியிருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை செய்தால் போதும், ஒரு கொப்பித் தாளில் திகதி போட்டு எந்தப் பல், எத்தனை எண்ணிக்கை என்று எழுதி வையுங்கள். அந்தத் தாளை டொக்டரின் மேசையில் வைத்தால் அரை மணித்தியாலம் விளக்குவதை விட அவருக்கு அது உதவும். இரண்டில் எந்தப் பல் என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

நரம்பு ஆறும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்பதற்கு அடையாளங்கள் வேறு. எதுவும் படாமலே தானாக வலிப்பது, இரவில் நித்திரையைக் குழப்புவது, விண்விண் என்று தெறிப்பது, சூடான தேத்தண்ணீருக்கு வலி எழும்பிக் குளிர்ந்த தண்ணீர் வைத்தால் அடங்குவது. இவற்றில் ஒன்று வந்தாலும் ஆறும் என்று காத்திருக்காதீர்கள், நேர்வ் பில்லிங், அதாவது கெட்ட நரம்பை எடுத்துவிட்டு வேரின் உள்ளே அடைக்கும் சிகிச்சை, தேவைப்படலாம். அதுவும் பல்லைக் காப்பாற்றும் சிகிச்சைதான், பயங்கரம் ஒன்றும் இல்லை. ஆனால் கன்னம் வீங்குவது, காய்ச்சல், வாய் திறக்க முடியாமல் போவது, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம் என்று எதுவும் வந்தால் கிளினிக் திறக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டாம், இரவானாலும் திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்கு நேரே போய்விடுங்கள்.

டொக்டரைப் பார்க்கும் வரை வீட்டில் என்ன செய்யலாம்? பற்கூச்சத்துக்கென்று விற்கும் பற்பசை ஒன்றை வாங்குங்கள், சென்சோடைன் மாதிரி. பொட்டாசியம் நைத்திரேற்று நூற்றுக்கு ஐந்து பங்கு உள்ளதா என்று பெட்டியில் பாருங்கள், புளோரைட்டும் இருக்க வேண்டும். மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும் தீட்டுங்கள், தீட்டியபின் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளித்து மருந்தையெல்லாம் கழுவி விடாதீர்கள். படுக்கும் முன் ஒரு பட்டாணி அளவை விரலில் எடுத்துப் பல்லும் முரசும் சேரும் இடத்தில் பூசிவிட்டு அப்படியே படுக்கலாம். பலர் மூன்று நாள் தீட்டிவிட்டு "இது வேலை செய்யாது" என்று விட்டுவிடுகிறார்கள், இந்தப் பொருள் நரம்பை மெதுவாகத்தான் அமைதிப்படுத்தும், இரண்டு முதல் நான்கு கிழமை கொடுக்க வேண்டும். பில்லிங்கின் அடியில் இருக்கும் இடைவெளியையோ உயரக் கடியையோ எந்தப் பற்பசையும் சரியாக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், முரசோரக் கூச்சத்துக்கும் நரம்பின் எரிச்சலுக்கும்தான் அது உதவும்.

கொஞ்ச நாளைக்கு இடது பக்கத்தால் மெல்லுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு ஐஸ் தண்ணீர் குடிக்காதே என்று சொல்வது கஷ்டம், குழாய்த் தண்ணீர் அளவில் அல்லது குளிர்ச்சி கொஞ்சம் தணியவைத்துக் குடியுங்கள். டச் பே கடற்கரையில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு விற்கும் மாங்காய், அம்பரலங்காய், தேசிக்காய்த் தண்ணீர், சோடா, இந்தப் புளிப்புகள் எல்லாம் எனாமலை இளக்கிக் கூச்சத்தைக் கூட்டும், ஒரு மாதம் தள்ளி வையுங்கள். புளிப்பு ஏதாவது சாப்பிட்டுவிட்டால் உடனே பல் தீட்டாதீர்கள், தண்ணீரால் கொப்பளித்துவிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தீட்டுங்கள். நிலாவெளி வீதியில் ஸ்கூட்டியில் போகிறவராக இருந்தால் வாயை மூடிக்கொண்டோ, முகக்கவசம் போட்டுக்கொண்டோ போங்கள், அந்தக் காற்றே போதும் கூசுவதற்கு. உமிக்கரி, உப்பு, பல்லை வெள்ளையாக்கும் பொடி எதுவும் இப்போது வேண்டாம்.

மருந்து என்று பார்த்தால், வலி தாங்க முடியாத நாளில் பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு வில்லை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் ஒருபோதும் வேண்டாம், ஈரல் வருத்தம் உள்ளவர்கள் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஐபுபுரூபன் வகை மருந்துகள் பல் வலிக்கு நன்றாகவே வேலை செய்யும், ஆனால் வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரக வருத்தம் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் தாங்களாக எடுக்கக் கூடாது, காய்ச்சலும் இருந்தால் யாருமே எடுக்கக் கூடாது. டெங்கு வந்துபோகும் ஊர் இது, டெங்குவில் அந்த மருந்து இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். அம்மாமார் டிஸ்பிரினை நசுக்கி முரசில் வைக்கச் சொல்வார்கள், அது முரசை வெந்துபோகச் செய்யும். கராம்பு எண்ணெயைப் பஞ்சில் ஒரு சொட்டு வைத்துப் பல்லில் தொடலாம், முரசில் ஊற்றக் கூடாது, நாள்கணக்கில் வைக்கவும் கூடாது. அப்படி வைத்தீர்களானால் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள், அதில் இருக்கும் யூஜெனோல் புது வெள்ளை பில்லிங் நன்றாக இறுகுவதைக் குழப்பும். பாமசியில் போய் அமொக்சிலின் வாங்கிக் குடிப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கூச்சத்துக்கும் கடி உயரத்துக்கும் அன்டிபயோட்டிக்கால் ஒரு பிரயோசனமும் இல்லை, கிருமி தொற்றிப் பரவினால்தான் அதற்கு வேலை. இதை நான் ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியிருக்கிறது.

திரும்பப் போகத் தயங்குகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். ரீச்சர், பில்லிங் போட்ட அன்றைக்கு டொக்டருக்குத் தெரிவது பாதிதான். மிச்சப் பாதி நீங்கள் நாலு நாள் சாப்பிட்டு, தேத்தண்ணீர் குடித்து, நித்திரை கொண்டு எழும்பிய பிறகுதான் தெரியும், அதை நீங்கள் வந்து சொன்னால்தான் அவர் வேலையை முடிக்க முடியும். வராமல் இருந்துவிட்டு ஆறு மாதம் கழித்து நரம்பு கெட்ட பல்லோடு வருபவரைப் பார்க்கும்போதுதான் எங்களுக்கு மனம் நோகும். போனில் சொல்வதானாலும் இப்படிச் சொல்லுங்கள்: "மூன்று கிழமையாகிறது, குளிர் பட்டால் இத்தனை செக்கனில் அடங்குகிறது, கடித்தால் இந்தப் பல் குத்துகிறது, இரவில் தானாக வலி இல்லை, கடியைப் பார்க்க எப்போது வரலாம்?" இப்படிக் கேட்டால் "போகப் போகச் சரியாகும்" என்ற பதில் வராது, நேரம் தருவார்கள். நேரில் பார்த்தும் அவர் தட்டிக்கழித்தால் வேறு ஒருவரிடம் காட்டலாம், வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவிலும் காட்டலாம், போட்டவருக்கு அதில் கோவிக்க ஒன்றும் இல்லை.

அம்மாவுக்கு என் சார்பில் ஒன்று சொல்லுங்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் வலி அன்றோடு போய்விடும் என்பது உண்மை. ஆனால் பின்னால் இருக்கும் பல் அந்த இடைவெளிக்குள் சாயும், மேலே இருக்கும் பல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும், நாலு வருஷத்தில் அந்தப் பக்கம் முழுக்க மெல்ல முடியாமல் போகலாம். 38 வயதில், வேர் உறுதியாக நிற்கும் பல்லை, பில்லிங் உயரமாக இருக்கிறது என்பதற்காகப் பிடுங்குவது நியாயமில்லை.

அக்கா சொல்வதில் பாதி சரி. சில்வர் பில்லிங்கின் நிறையில் கிட்டத்தட்ட அரைவாசி பாதரசம்தான், ஆனால் அது வெள்ளி, தகரம், செம்பு ஆகியவற்றோடு கலந்து இறுகிய நிலையில் இருக்கிறது, மெல்லும்போது வெளியாகும் ஆவி மிகக் குறைவு. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் உருவாகி 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது, அதன்படி உலகம் முழுக்க சில்வர் பில்லிங் போடுவதைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள், சுற்றாடலுக்குள் பாதரசம் போகக் கூடாது என்பது அதில் பெரிய காரணம். புதிதாகப் போடாமல் விடுவது வேறு, வாயில் நல்லபடியாக இருப்பதைத் துரந்து எடுப்பது வேறு. துரக்கும்போதுதான் ஆவி கூடுதலாக வெளிவரும், பல்லும் கொஞ்சம் போகும், அதோடு இப்போது வலது பக்கத்தில் படும் பாட்டை இடது பக்கத்திலும் பட நேரலாம். ஓரம் உடைந்தாலோ, அடியில் சூத்தை பிடித்தாலோ, பல் வெடித்தாலோ மாற்றலாம். பாதரச ஒவ்வாமை இருப்பதாக டொக்டர் உறுதிப்படுத்தினாலும் மாற்றலாம். மற்றபடி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டிப் பார்த்துக்கொண்டால் போதும். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ அவசரமில்லாமல் சில்வரில் கை வைக்கவே கூடாது.

ஒருவேளை அந்த இடது பக்க பில்லிங்குகளில் ஏதாவது உண்மையிலேயே உடைந்திருந்தாலும், வலது பக்கம் முழுதாக ஆறி நீங்கள் அந்தப் பக்கத்தால் நன்றாக மெல்லத் தொடங்கிய பிறகே மாற்றச் சொல்லுங்கள், அதுவும் ஒரு தடவைக்கு ஒரு பல்தான்.